நீலகிரித் தைலம்: தேய்க்கத்தான், குடிக்க அல்ல

சளி பிடித்தாலும், தலை கனத்தாலும், மழையில் நனைந்து வந்தாலும் நம் வீடுகளில் முதலில் தேடுவது தைலப் புட்டியைத்தான். தோட்டமோ பட்டணமோ, சாமி மேடைப் பக்கத்திலோ தொலைக்காட்சிப் பெட்டிக்கு அருகிலோ ஒன்று இருக்கும். பாட்டியின் கைப்பையில் இன்னொன்று. எட்டும் இடத்தில் இருப்பது பெரியவர்களுக்கு வசதி. தவழும் பிள்ளை உள்ள வீட்டில் அதுதான் ஆபத்து.

யூக்கலிப்டஸ் மரத்தின் பூர்வீகம் ஆஸ்திரேலியா. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் விறகுக்காக அதை நீலகிரி மலையில் நட்டார்கள். அங்கு இலையிலிருந்து எண்ணெய் வடிக்கும் தொழில் வளர்ந்ததால் தமிழில் நீலகிரித் தைலம் என்ற பெயர் நிலைத்தது. சித்தர்கள் காலத்து மருந்து என்று சிலர் சொல்வது சரியல்ல.

இந்த எண்ணெயின் முக்கியப் பொருள் சினியோல். மருந்துத் தரமுள்ள எண்ணெயில் குறைந்தது 70 விழுக்காடு அதுதான். மலாய்க்கார வீடுகளில் புழங்கும் மின்யாக் காயு பூத்தே வேறு மரத்துடையது என்றாலும், அதிலும் சினியோலே முதன்மை. ஆகவே கீழே சொல்லும் எச்சரிக்கை அதற்கும் பொருந்தும்.

தைலத்தை முகர்ந்ததும் மூக்கடைப்பு விட்டதுபோல் இருக்கும். உண்மையில் மூக்கின் உள்வீக்கம் அவ்வளவாகக் குறைவதில்லை. குளிர்ச்சியை அறியும் நரம்புகள் தூண்டப்படுவதால் காற்று தாராளமாகப் போவதுபோல் தோன்றுகிறது. அந்தச் சுகம் பொய்யல்ல. ஆனால் சளிக்குக் காரணமான கிருமியை அது விரட்டிவிடாது. தசைவலிக்குத் தேய்க்கும்போதும் சூடும் குளிர்ச்சியும் கலந்த உணர்வு வலியைச் சற்று மறக்கச் செய்கிறது.

சிக்கல் அது வயிற்றுக்குள் போகும்போதுதான். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி அளவே சிறு குழந்தையை மோசமான நிலைக்குத் தள்ளலாம். வாந்தி, தள்ளாட்டம், மயக்கம், வலிப்பு எல்லாம் அரை மணி நேரத்துக்குள்ளேயே தொடங்கக்கூடும். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் மூச்சுத் திணறலும் சேரும். இருமலுக்கு இரண்டு சொட்டு தேனில் குழைத்துக் கொடுக்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. அதை விட்டுவிடுவதே நல்லது.

பிள்ளை குடித்துவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. பால், எண்ணெய், உப்புத் தண்ணீர் என்று எதையாவது புகட்டவும் வேண்டாம். புட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மயக்கமோ வலிப்போ இருந்தால் மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995.

தேய்ப்பதிலும் முறை இருக்கிறது. சுத்தமான தைலம் தோலை எரிக்கும். பெரியவர்களுக்கு ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயில் ஐந்தாறு சொட்டு போதும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மூக்கருகிலும் முகத்திலும் தடவவே கூடாது. மூச்சு திடீரென இறுகிவிடலாம். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு வாசனையே இழுப்பைக் கிளப்பும். கொதிநீர்ப் பாத்திரத்தைச் சுற்றிச் சிறுவர்களைப் போர்த்தி ஆவி பிடிக்க வைப்பதில் தைலத்தைவிடச் சுடுநீரே பெரிய பயம். விளக்கருகே வைப்பதும் வேண்டாம், எளிதில் தீப்பிடிக்கும்.

இங்கு பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி குறைபாடு சோதிக்கப்படுகிறது. அந்தக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு அந்துருண்டை வாசனை பட்டாலே சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரலாம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு எந்தத் தைலம் தடவுவதானாலும் முதலில் கிளினிக்கில் கேட்டுக்கொள்வது அவசியம்.

மலேசியாவில் மருந்தாக விற்கப்படும் தைலப் புட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். சந்தையில் பெயர்ச்சீட்டு இல்லாமல் ஊற்றித் தரும் எண்ணெயில் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவருக்கே தெரிந்திருக்காது.