வேலின் வயதும் மரவாளின் வயதும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழ்வோர்க்கு வேல் என்பது போர்க்கருவியன்று, தெய்வம். படுவான்கரையிலே மண்டூரும், தெற்கே கடலோரத்திலே திருக்கோவிலும், அதற்கும் அப்பால் உகந்தை மலையும் வேலினாற் பெயர் பெற்ற தலங்கள். சூரனை வதைத்த வேலினின்று தெறித்த கதிர்கள் இவ்விடங்களில் வந்து தங்கின என்பது தலவரலாறு. மண்டூரிலே அது தில்லை மரமொன்றின்மீது காணப்பட்டதாம்; முதலிற் கண்டு வழிபட்டோர் வேடராம். சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்படும் அக்கோயிலில் இன்றும் திரை விலகுவதில்லை; வாய்கட்டியே பூசை நடைபெறுகின்றது.

கருவறை வேலின் வயதை அளவுகோல் கொண்டு ஆராய எவரும் முற்படார், முற்படவும் வேண்டியதில்லை. தேய்ந்த வேலுக்குப் பதிலாகப் புதுவேல் வார்த்துக் கும்பாபிடேகஞ் செய்தால் அதுவே பழைய வேல். கொல்லன் மாறலாம், உலோகம் மாறலாம், வேல் மாறுவதில்லை. இது வேறொரு கணக்கு.

நாம் இங்கே பேச எடுத்துக்கொண்டது பரணிலே கிடக்கும் ஈட்டியை. முப்பாட்டன் காலத்தது என்று சொல்லப்படும் ஈட்டித்தலையொன்று, கூத்துப் பெட்டிக்குள் நிறம் உதிர்ந்து கிடக்கும் மரவாளொன்று, வயலில் மண்வெட்டியில் அகப்பட்ட துருப்பிடித்த இரும்பொன்று. இவற்றிலே ஏதேனும் ஒன்று பல குடும்பங்களில் உண்டு. இவற்றைத் தேடி வியாபாரிகளும் வருகின்றனர். பழைய பொருள் பழைய இரும்பின் விலைக்குப் போய்விடுகின்றது. புதிய பொருளோ நீரும் உப்பும் பட்டு, ஆயிரமாண்டுப் பழமை பேசிக்கொண்டு நம்மிடமே திரும்பி வருகின்றது. இரண்டையும் பகுத்தறிய வழியுண்டா என்று மாணவர் கேட்பாராயின், உண்டு என்பதே விடை.

முதலில் வடிவத்தைப் பார்க்க வேண்டும். வழிபாட்டு வேலின் முகம் இலைபோல அகன்று தட்டையாக இருக்கும்; பித்தளை, செம்பு, வெள்ளி எனப் பெரும்பாலும் மெல்லிய உலோகமே. குத்துவதற்கெனச் செய்த ஈட்டி ஒடுங்கியது. நடுவே தண்டுபோல் ஒரு புடைப்பு ஓடும். அப்புடைப்பு அழகுக்கன்று, இரும்பு வளையாதிருப்பதற்கு. கண்டி அரசின் காலத்துப் பட்டிஸ்தானய என்னும் ஈட்டிவகை இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது; போருக்கும் உரியது, ஊர்வலத்துக்கும் உரியது. பி. இ. பி. தெரணியகல 1942 இல் சிங்கள ஆயுதங்களைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரை, இத்துறையில் ஈடுபடுவோர் இன்றும் தேடிப் படிப்பது. கொழும்பு நூதனசாலையில் இவ்வகை ஆயுதங்களை நேரிற் காணலாம்.

மூன்றாவது ஒரு வகையும் இங்கே கிடைக்கக்கூடும். மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628 இற் கட்டினர். 1638 இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். ஐரோப்பியப் போர்வீரரின் நெடிய ஈட்டிகளிலே, தலையின் அடியிலிருந்து இரண்டு இரும்புப் பட்டைகள் இறங்கி மரக்கழியின் இரு பக்கமும் ஆணியால் அறையப்பட்டிருக்கும். எதிரியின் வாள் கழியை வெட்டாதிருக்க இந்த ஏற்பாடு. அத்தகைய பட்டை இருந்தால், அது வேடருடையதுமன்று, கோயிலுக்குரியதுமன்று என்று ஐயுறுதல் நன்று.

வேடர் என்றதும் இன்னொரு செய்தி நினைவுக்கு வருகின்றது. கண்டி இராச்சியத்திற் கைதியாய் இருந்து தப்பிச் சென்ற ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியான தம் நூலில் இதனைச் சொல்கிறார். வேடர் அம்பு வேண்டும்போது, இரவிலே கொல்லனுடைய பட்டறைக்கு இறைச்சியைச் சுமந்து வந்து தொங்கவிட்டு, தமக்கு வேண்டிய அம்பின் வடிவில் ஓர் இலையையும் வெட்டி அருகே தொங்கவிட்டுச் செல்வராம். கொல்லன் அவ்வண்ணமே செய்து வைத்தால், பின்னரும் இறைச்சி வருமாம். பேச்சில்லை, பேரமில்லை. ஆனால் நம் ஆராய்ச்சிக்கு இது சொல்லும் பாடம் பெரிது: பொருளின் வடிவம் காட்டுக்குரியதாய் இருக்கலாம்; இரும்பும் கைவேலையும் ஊர்க் கொல்லனுடையன. வடிவத்தை மட்டும் கண்டு இன்னாருடையது, இன்ன காலத்தது என்று துணிதல் தவறு.

ஆகவே இரும்பையே கேட்க வேண்டும்.

பழைய முறையில் உலையிலிட்டு எடுத்த இரும்புக்குள் கசடு இழையிழையாய் ஓடும். காலப்போக்கில் துரு அரிக்கும்போது அவ்விழைகள் வெளித்தெரிந்து, மரத்தின் நார்போலத் தோன்றும். இக்காலத்து ஆலை உருக்கு அவ்வாறு நார்விடாது. சீராக அரித்துப் புள்ளிபுள்ளியாய்க் குழியும். ஆனால் இங்கும் ஒரு கண்ணி உண்டு. 19 ஆம் நூற்றாண்டிலே சீமையிலிருந்து வந்த தேனிரும்பும் நார்விடும். எனவே நார் இருத்தல் பழமைக்கு ஒரு சான்று; முடிந்த தீர்ப்பு அன்று.

அடுத்தது, கழியைச் செருகும் குழாய். பழைய கொல்லன் தகட்டைச் சம்மட்டியால் அடித்துச் சுருட்டிக் குழாயாக்கினான். அதிலே நீளவாட்டில் ஒரு பொருத்துவாய் தெரியும். உள்ளே கையை விட்டாற் சமமில்லாத தடிப்புத் தெரியும். கடையில் வாங்கிய குழாயைத் துண்டித்து மின்சாரத்தாற் பற்றவைத்தது எனின், தடிப்பு எங்கும் ஒன்றாய் இருக்கும். பற்றவைத்த இடத்திலே மணிமணியாய் ஒரு வரம்பு இருக்கும், அல்லது அதனை அரைத்தெடுத்த அடையாளம் இருக்கும். துருவின்கீழ் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள் பல காணப்படின், இயந்திரச் சில்லு பட்டதென்று கொள்க.

துருவின் நிறமும் பேசும். நெடுங்காலத் துரு கருங்கபிலமாய் இறுகிப் பற்றியிருக்கும். விரலால் தேய்த்தால் ஒட்டாது. நேற்று உப்புநீரிலோ புளியிலோ ஊறவைத்த துரு செம்மஞ்சளாய், பொடியாய் விரலில் ஒட்டும். அதனினும் சிறந்த சோதனை, துரு எங்கே இருக்கிறது என்று பார்ப்பதே. நூறாண்டு மரக்கழிக்குள் மறைந்திருந்த பாகமும் வெளியே காற்றுப்பட்ட பாகமும் ஒரே நிறத்தில் துருவேறுமா? ஏறாது. போலி செய்பவன் முழுவதையும் ஒரே பாத்திரத்திலே முக்குகிறான், அங்கேதான் அகப்படுகிறான்.

இக்கலையை ஒரு சாத்திரமாகவே வளர்த்தவர் யப்பானியர். யாரி எனப்படும் அவர்தம் ஈட்டிக்கு நம்முடையதைப் போலக் குழாய் இருப்பது அரிது. தலையின் அடியிலே நீண்ட காம்பு ஒன்று இருக்கும். சிலவற்றில் வெட்டும் அலகைவிடக் காம்பே நீளம். அது கழிக்குள் இறங்கி, மூங்கில் ஆணியொன்றால் நிறுத்தப்படும். அலகின் குறுக்குவெட்டு முக்கோணமாகவோ சாய்சதுரமாகவோ இருக்கும். சிலுவைபோற் பக்கக் கிளை விட்டவையும் உண்டு. கொல்லன் தன் பெயரைப் பொறிப்பது மறைந்திருக்கும் அக்காம்பிலேதான்.

அலகை அவர்கள் கண்ணாடிபோற் தீட்டுவர். காம்பைத் தொடவே மாட்டார்கள். காம்பின் துருவை எவனாவது நன்மை செய்வதாக எண்ணித் தேய்த்துவிட்டால், பொருளின் மதிப்பிற் பெரும்பகுதி அப்போதே போயிற்று. ஏனெனில் அத்துருவின் ஆழமும் நிறமும், அதன்கீழ் அரம் ஓடிய கோடுகளின் சாய்வும், எழுத்தின் உளிவெட்டும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்த்தே அவர்கள் காலத்தைத் துணிவர். பெயர் பெற்ற கொல்லரின் பெயரைப் பிற்காலத்தார் பொய்யாய்ப் பொறிப்பது பழைய வழக்கம். பெயரை நம்பி இரும்பை மதியாதே, இரும்பைக் கண்டு பெயரை ஏற்பதா என்று முடிவுசெய் என்பது அவர்தம் முறை. எழுத்தின் விளிம்பு கூராகவும் அதைச் சூழ்ந்த துரு முதியதாகவும் இருந்தால், எழுத்து துருவுக்குப் பிந்தியது. நம் செப்பேடுகளைப் படிப்போரும் இதையே செய்கின்றனர்.

ஹொனாமி என்னும் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாய் வாள் தீட்டுதலையும் வாள் மதிப்பிடுதலையும் தொழிலாகக் கொண்டு, மடித்த தாளிலே சான்று எழுதிக் கொடுத்தனர். இரண்டாம் உலகப்போரின் பின் வெற்றி பெற்றோர் வாட்களைப் பறிமுதல் செய்து அழிக்கத் தொடங்கியபோது, அவற்றுட் கலைப்பொருள் எவை என்று பிரித்துக் காட்டும் அறிவே எஞ்சியவற்றைக் காத்தது. 1948 இல் அதற்கெனச் சங்கமொன்று தோன்றிற்று. அதே சங்கம் 1977 இல் பழைய மணலிரும்பு உலையை மீண்டும் மூட்டியது. இன்று யப்பானில் இத்தகைய வாளையோ ஈட்டியையோ வைத்திருக்க வேண்டுமாயின் பதிவுச்சீட்டு வேண்டும்.

யப்பானிய வாள் இங்கே எப்படி வரும் என்று வாசகர் கேட்கலாம். 1942 ஏப்பிரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்றே ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அண்மையிற் கடலில் மூழ்கடித்தன. முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கப்பல் இன்றும் அங்கே கடலடியிற் கிடக்கின்றது. ஆயினும் யப்பானியப் படை இலங்கையில் தரையிறங்கவே இல்லை. ஆகவே, கரையிறங்கிய யப்பானியன் விட்டுச் சென்ற வாள் என்று யாரேனும் ஒன்றை நீட்டினால், வாளைப் பார்க்குமுன் கதையே பொய் என்று அறியலாம். பர்மாவிலும் மலாயாவிலும் 1945 இற் சரணடைந்த யப்பானிய அதிகாரிகள் வாட்களை ஒப்படைத்தனர். அப்படைகளை நடத்திய மவுண்ட்பேட்டனின் தலைமையகம் போரின் பிற்பகுதியில் நம் கண்டியை அடுத்த பேராதனையிலேயே இருந்தது. அவ்வழியாக ஒருவரின் கைக்கு ஒன்று வந்திருத்தல் கூடும். அவற்றுள்ளும் மிகப்பல போர்க்காலத் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கிற் செய்யப்பட்டவை. இலக்கமும் முத்திரையும் பொறித்தவை. மூதாதையர் வாளைப் படைப்பிடியிற் பொருத்திக் கொணர்ந்தவை சிலவே.

இனி மரவாள். இதுவே எனக்கு மிகவும் உவப்பான பகுதி.

யப்பானியர் வாட்பயிற்சிக்குக் கருவாலி போன்ற வைர மரத்தில் வாள் செய்வர். பொக்குட்டோ என்பது பெயர். 1612 இலே முசாஷி என்னும் வீரன் தோணித் துடுப்பைச் செதுக்கிய மரவாளால் எதிரியை வென்றான் என்று அவர்கள் கதை சொல்வர். மரவாளிலே பெரும்பாலும் பெயர் இராது, ஆண்டும் இராது. துருவும் ஏறாது. அப்படியானால் எதைக் கொண்டு அறிவது? கையைக் கொண்டு. பல்லாண்டு பிடித்த இடம் கருத்து மெருகேறி, விரல் படும் இடத்திற் சிறிது தேய்ந்திருக்கும். அடிபட்ட பள்ளங்கள் அலகின் முன்பாதியில், மோதும் பக்கத்திலே திரண்டிருக்கும். போலியில் எங்கும் பரவலாகத் தட்டியிருக்கும். அடிபடக் காரணமில்லாத இடத்திலும் அடி இருக்கும்.

நம் மட்டக்களப்புக் கூத்து வாளும் இப்படித்தான். வடமோடிக் கூத்து பெரும்பாலும் போர்க்கதை. அருச்சுனனும் கர்ணனும் வாளும் வில்லும் தண்டாயுதமும் ஏந்தி வட்டக்களரியில் ஆடுவர். அண்ணாவியார் சட்டங் கொடுத்த நாள் முதல் அரங்கேற்றம் வரை மாதக்கணக்கிற் பழகுவர். அரங்கேற்ற வாள் எடை குறைந்த மரத்தாற் செய்து, நிறந்தீட்டி, பளபளக்கும் தாள் ஒட்டியது. ஒவ்வொரு முறை கூத்து ஏறும்போதும் புதிதாய் நிறம் பூசப்படும். ஆதலால் நிறம் உதிர்ந்த ஓர் ஓரத்தைக் கண்ணாடி கொண்டு நோக்கினால், மரத்தின் வளையம்போல அடுக்கடுக்காய் நிறம் தெரியும். மேலே கடையிற் கிடைக்கும் எனாமல். கீழே பழைய நிறங்கள். அடுக்குகளை எண்ணினால் அவ்வாள் எத்தனை முறை புதுப்பிக்கப்பட்டதென்பது ஓரளவு தெரியும். போலியில் ஒரே அடுக்கு, அதன்மேல் புகை.

மரம் நார்க்குக் குறுக்கே சுருங்கும். நீளவாட்டிற் சுருங்குவது மிகக் குறைவு. எனவே வட்டமாய்க் கடைந்த பிடி நாளடைவிற் சற்றே நீள்வட்டமாகும். ஆணியையும் பார்க்க: கையால் அடித்த ஆணி சதுரம், கம்பியாணி உருண்டை. கம்பியாணி பின்னாளிற் பழுதுபார்த்ததாகவும் இருக்கலாம் என்பதை மறவற்க. உளுத்த துளைகள் உண்மையாயின் உள்ளே வளைந்து திரியும். துறப்பணம் இட்டவை நேரே போய் நின்றுவிடும்.

கூத்து வாட்கள் எஞ்சியிருப்பது அரிது. 1978 நவம்பர்ச் சூறாவளி கூரைகளைப் பெயர்த்தது. போராண்டுகள் ஊர்களை இடம்பெயர்த்தன. 2004 டிசம்பர் 26 இற் கடல் ஏறிற்று. இரும்பும் மரமும் அன்று பெட்டியோடு போயின. எஞ்சியதைக் கூத்து முடிந்ததும் அடுப்புக்கு விறகாக்கும் வீடுகளும் உண்டு. பண்டிதர் வீ. சீ. கந்தையா 1964 இல் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூலிலே இந்நாட்டின் வழக்கங்களை எழுத்திற் பதித்து வைத்தார். பொருளைப் பதித்து வைக்கும் வேலை வீட்டாரைச் சார்ந்தது.

இத்தகைய பொருள் கையில் இருப்போர் செய்யத்தக்கன சில. எமரித் தாள், புளி, சாம்பல் இவை எதனாலும் தேய்க்கலாகாது. உலர்ந்த துணியால் துடைத்துக் காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும்; மண்சுவரிற் சாய்த்தல் ஆகாது. வாவிக் காற்றின் உப்பு இரும்புக்குப் பகை. மண்ணுள்ளோ நீருள்ளோ அகப்பட்டதைத் தாமாகச் சுத்தஞ் செய்யாது, தொல்பொருட் திணைக்களத்துக்கு அறிவித்தலே முறை. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2 ஆம் நாளுக்கு முற்பட்ட பொருள்கள் தொல்பொருள்களாகும். அனுமதியின்றி அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்லல் குற்றம். வியாபாரி இதனைச் சொல்லமாட்டார்.

இன்னொன்று: பொருளோடு அதன் கதையையும் எழுதி வையுங்கள். யார் ஆடியது, எந்தக் கூத்து, எந்தக் களரி, எந்த ஆண்டு, யார் செதுக்கியது என்று பாட்டனாரிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதி, நூலாற் கட்டித் தொங்கவிடுங்கள். பொருளின்மேல் எழுதவோ பசையால் ஒட்டவோ வேண்டாம். படமொன்றும் எடுத்து வையுங்கள். பக்கத்திலே அளவுகோல் ஒன்றை வைத்து எடுத்தல் இன்னும் நன்று.