விளக்கம்: 'அம்பதா, எம்பதா?' - குரல்வழிச் செயலிகளின் தரத்தை முடிவு செய்வது எது?

பெங்களூரு: "அம்பது ரூபாய் அனுப்பு" என்று கைப்பேசியிடம் ஒருவர் சொல்கிறார். சந்தை இரைச்சலில் அது "எம்பது ரூபாய்" என்று பதிவாகிறது. பேச்சுத் தமிழில் ஐம்பதுக்கும் எண்பதுக்கும் முதலெழுத்தின் உச்சரிப்பு மட்டுமே வேறு. எதிரே கடைக்காரர் இருந்திருந்தால், "அம்பதா, எம்பதா?" என்று திருப்பிக் கேட்டிருப்பார். செயலி என்ன செய்யும்?

குரல்வழிச் செயலிகளின் தரம் பெரும்பாலும் இந்தக் கேள்விக்கான விடையில் அடங்கியுள்ளது. மளிகை வாங்குவது முதல் பணம் அனுப்புவது வரை குரல் கட்டளைகள் பரவிவரும் நிலையில், பெங்களூருவில் ஏறத்தாழ 20 ஆண்டுகளாக நடந்துவரும் ஆய்வுகளும் தயாரிப்புகளும் உணர்த்தும் பாடம் ஒன்றே: எந்த இயந்திரமும் சில நேரங்களில் தவறாகக் கேட்கும். அந்தத் தவறைப் பயனர் உடனே கண்டறிந்து, சிரமமின்றித் திருத்த வழி இருக்க வேண்டும்.

வீட்டுப் பணியாளர்களுடன் தொடங்கிய ஆய்வு

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் இந்திய ஆராய்ச்சிப் பிரிவு 2005-ஆம் ஆண்டு பெங்களூருவில் தொடங்கப்பட்டது. அங்குப் பணியாற்றிய இந்திராணி மேதி, அமன் சாகர், கென்டாரோ டொயாமா ஆகியோர், நகரின் குடிசைப் பகுதிகளில் வசித்த வீட்டுப் பணியாளர்களுடன் இணைந்து, எழுத்தறிவு இல்லாதோரும் பயன்படுத்தக்கூடிய கணினித் திரையை வடிவமைத்தனர். வேலைவாய்ப்புகளைத் தேடித் தரும் அந்தச் செயலி குறித்த ஆய்வு 2006-இல் வெளியானது.

திரையில் கையால் வரையப்பட்ட படங்கள் இருந்தன. ஒரு படத்தின் மீது சுட்டியைக் கொண்டு சென்றால், அதன் பொருளைக் குரல் எடுத்துச் சொல்லும். பொருட்களை மட்டும் வரைந்து காட்டியபோது, அவை ஒரு வேலையைக் குறிக்கின்றன என்பது பணியாளர்களுக்குப் புரியவில்லை. குழாயிலிருந்து நீர் கொட்டுவதுபோல் அசைவைச் சேர்த்து வரைந்ததும், பாத்திரம் துலக்கும் வேலை என்பது விளங்கியது. வேலை பற்றிய தகவல் கணினிக்குள் எப்படி வருகிறது என்ற ஐயமும் அவர்களுக்கு இருந்தது. அதைப் போக்க, முழுப் பின்னணியையும் விளக்கும் காணொலி பின்னர் தயாரிக்கப்பட்டது.

கருவியைத் தொடுவதற்கு முன்பே, 'இது என்ன செய்யும், யாருக்காகச் செய்யும்' என்ற தெளிவு பயனருக்குத் தேவை என்பது அதில் கிடைத்த பாடம். இன்றைய குரல் செயலிகளுக்கும் அது பொருந்தும். "நான் எப்படி உதவலாம்?" என்று மட்டும் கேட்கும் செயலியிடம் என்ன கேட்கலாம் என்பது தெரியாமல் புதிய பயனர் திகைக்கிறார். "மின்கட்டணம் செலுத்தலாம், இருப்பைக் கேட்கலாம், பணம் அனுப்பலாம்" என்று சொன்னால் அவருக்கு வழி தெரிகிறது.

குரல் மட்டும் போதுமா?

கைப்பேசி வழியே பணம் அனுப்பும் முறைகளை இதே ஆராய்ச்சிப் பிரிவு ஒப்பிட்டது. எழுத்து வடிவம், குரல் உரையாடல், படமும் ஒலியும் சேர்ந்த திரை ஆகிய மூன்று மாதிரிகளை இந்தியாவில் 58 பேரிடம் சோதித்த அந்த ஆய்வு 2009-இல் வெளியானது. எழுத்தைவிட மற்ற இரண்டையுமே பங்கேற்றவர்கள் பெரிதும் விரும்பினர். குரல் உரையாடலில் வேலை விரைவாக நடந்தது. பிறர் உதவியும் குறைவாகவே தேவைப்பட்டது. ஆனால், தொடங்கிய பணியை முழுமையாக முடித்தவர்களின் விகிதம், படமும் ஒலியும் சேர்ந்த திரையில்தான் அதிகமாக இருந்தது.

குஜராத் விவசாயிகளுக்கான 'ஆவாஜ் ஒட்டாலோ' என்ற தொலைபேசிச் சேவை தொடர்பாக அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வும் கவனிக்கத்தக்கது. பேசித் தேர்வு செய்தவர்களைவிட, எண் பொத்தானை அழுத்தித் தேர்வு செய்தவர்களே பணிகளை அதிக அளவில் முடித்தனர். எட்டாம் வகுப்பைவிடக் குறைவாகப் படித்தவர்களிடமும் இதே போக்கு காணப்பட்டது.

தமிழகத்திலும் இதற்கு முன்னோடி உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக ஆய்வாளர்கள், திண்டுக்கல் மாவட்டம் செம்பட்டியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துடன் இணைந்து, விவசாயிகளுக்கான 'தமிழ் மார்க்கெட்' என்ற குரல்வழி அமைப்பை உருவாக்கினர். வானிலை, சந்தை விலை போன்றவற்றைச் சில சொற்களில் கேட்கலாம். வேண்டுமானால் திரையைத் தொட்டும் தேர்வு செய்யலாம்.

மூன்று முயற்சிகளையும் சேர்த்துப் பார்த்தால், குரலைத் தனியே நிறுத்துவது சரியன்று என்பது புலப்படும். சொல்வது ஒலியாகவும், சரிபார்ப்பது படமாகவோ எண்ணாகவோ, திருத்துவது ஒரு தொடுதலாகவும் இருந்தால் பயனர் தடுமாறுவதில்லை.

கடைவீதிப் பேச்சு

பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபிளிப்கார்ட், 2018-இல் 'லிவ்.ஏஐ' என்ற பேச்சறி நிறுவனத்தை வாங்கியது. 2020 ஜூனில் தனது மளிகைப் பிரிவில் இந்தி, ஆங்கிலத்தில் இயங்கும் குரல் உதவியாளரை அறிமுகப்படுத்தியது. இரு மொழிகளையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசுவது இந்தியர்களின் இயல்பு என்பதால், கலப்புப் பேச்சைப் புரிந்துகொள்வது இத்தகைய சேவைக்கு அடிப்படைத் தேவையாகிறது.

மளிகை வாங்குவோர் மனம் மாறுவதும் இயல்பு. "ரெண்டு கிலோ அரிசி... வேண்டாம், அஞ்சு கிலோ" என்று சொன்னால், பழைய அளவை நீக்கிப் புதியதை ஏற்க வேண்டும். பட்டியலை முதலிலிருந்து சொல்லச் சொல்லும் செயலியைப் பயனர் இரண்டாம் முறை திறப்பது அரிது.

பணம் என்றால் கூடுதல் கவனம்

திறன்பேசி இல்லாத சாதாரண கைப்பேசிப் பயனர்களுக்காக, 'யுபிஐ 123பே' சேவையை ரிசர்வ் வங்கியின் அப்போதைய ஆளுநர் சக்திகாந்த தாஸ் 2022 மார்ச் 8-ஆம் தேதி தொடங்கி வைத்தார். நாட்டில் அத்தகைய கைப்பேசி வைத்திருப்போர் 40 கோடிக்கும் அதிகம் என அப்போது மதிப்பிடப்பட்டது. தானியங்கிக் குரல் அழைப்பு, மிஸ்டு கால், கைப்பேசிச் செயலி, ஒலி அலை என நான்கு வழிகள் அதில் உள்ளன. ஒலி அலைவழிப் பணப் பரிமாற்றத்துக்கான தொழில்நுட்பத்தை உருவாக்கிய 'டோன்டேக்' பெங்களூரு நிறுவனமாகும். காசு செலவாகாமல் தகவல் சொல்ல மக்களே கண்டுபிடித்த மிஸ்டு கால் பழக்கம், பணம் செலுத்தும் வழியாகவே ஏற்கப்பட்டது இதன் சிறப்பு.

2023 செப்டம்பரில் 'ஹலோ யுபிஐ' அறிமுகமானது. இதில் யாருக்கு, எவ்வளவு என்பதைக் குரலில் சொல்லலாம். ரகசிய எண்ணை மட்டும் உள்ளிட வேண்டும். பேருந்திலோ கடையிலோ வாய்விட்டுச் சொன்னால் அது ரகசியமாக இருக்காது. எதைப் பேசச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்வதும் வடிவமைப்பின் பகுதியே.

123பே பரிமாற்றத்தின் உச்சவரம்பை 5,000 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்துவதாக ரிசர்வ் வங்கி 2024 அக்டோபரில் அறிவித்தது. தொகை உயர உயர, தவறாகக் கேட்பதன் விலையும் உயரும். எனவே, பாட்டு போடச் சொன்னால் செயலி உடனே போடலாம். பணம் அனுப்பச் சொன்னால் பெயரையும் தொகையையும் திருப்பிச் சொல்லி, ஒப்புதல் பெற்ற பிறகே அனுப்ப வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் கேட்டால் பயனர் சலிப்படைந்து, கேட்காமலேயே 'சரி' சொல்லப் பழகிவிடுவார்.

எந்தத் தமிழ்?

எழுத்தில் 'வந்துகொண்டிருக்கிறேன்' என்பது பேச்சில் 'வந்துட்டிருக்கேன்' ஆகிறது. நெல்லை, கொங்கு, மதுரை, யாழ்ப்பாணம் என வட்டாரத்துக்கு வட்டாரம் சொல்லும் ஓசையும் மாறுகின்றன. எழுத்துத் தமிழை மட்டும் கற்ற இயந்திரத்துக்குத் தெருவில் பேசும் தமிழ் அந்நியமாகவே ஒலிக்கும்.

இக்குறையைப் போக்க, பெங்களூருவில் உள்ள இந்திய அறிவியல் கழகம் கூகுளுடன் இணைந்து 'வாணி' என்ற திட்டத்தை நடத்திவருகிறது. 773 மாவட்டங்களில் 1.5 லட்சம் மணி நேரத்துக்கும் மேற்பட்ட பேச்சைத் திரட்டுவது இதன் இலக்கு. எழுதிய வாக்கியத்தை வாசிக்கச் சொல்லாமல், படங்களைக் காட்டி அவரவர் மொழியில் விவரிக்கச் சொல்வதால் இயல்பான பேச்சு கிடைக்கிறது.

எனினும், தரவு பெருகினாலும் பிழை அடியோடு மறையாது. இரண்டு முறை புரியாவிட்டால் "மன்னிக்கவும், மீண்டும் சொல்லவும்" என்பதையே கிளிப்பிள்ளைபோல் சொல்லாமல், "அம்பது என்றால் 1, எம்பது என்றால் 2-ஐ அழுத்தவும்" என வேறு வழி காட்டுவதே பயன் தரும். அதுவும் பலிக்காவிட்டால், உதவி மையப் பணியாளருடன் இணைக்க வேண்டும்.

பயனர்கள் கவனிக்க வேண்டியவை

ஒருவரின் அடையாளம் தெரியும்படி பதிவான குரலும் அவரது தனிப்பட்ட தரவே. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்புதல் கோரும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, தமிழ் உள்ளிட்ட எட்டாவது அட்டவணை மொழி ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பு தரப்பட வேண்டும்.

குரல்வழிப் பணம் அனுப்பும்போது, பெறுபவரின் பெயரையும் தொகையையும் சரிபார்த்த பிறகே ரகசிய எண்ணை உள்ளிட வேண்டும். அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லுமாறு யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. பணத்தைப் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை.