மலத்தின் நிறம் சொல்லும் செய்தி

செரிமான மண்டலப் பாடத்தில், 'கல்லீரல் சுரக்கும் பித்தநீர், பித்தநாளம் வழியாக முன்சிறுகுடலை அடைந்து கொழுப்பின் செரிமானத்திற்கு உதவுகிறது' என்று கூறி அடுத்த பகுதிக்குச் சென்றுவிடுகிறோம். அத்துடன் இன்னொன்றையும் சொல்லலாம்: மலத்திற்கு நிறம் கிடைப்பதும் பித்தநீரால்தான்.

பழைய இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமி உண்டாகிறது. கல்லீரல் அதைப் பித்தநீருடன் குடலுக்கு அனுப்புகிறது. குடல் பாக்டீரியாக்கள் அதை மாற்றுவதால் மலம் பழுப்பு நிறம் பெறுகிறது. பித்தநாளம் அடைபட்டால் நிறமி இரத்தத்திலேயே தேங்கும். கண்கள் மஞ்சளாகும், சிறுநீர் அடர்நிறமாகும், மலம் களிமண்போல் வெளிறும்.

பெரியவர்களுக்குப் பித்தக்கல்லோ கணையத்தின் தலைப்பகுதியில் வளரும் கட்டியோ இவ்வடைப்பை உண்டாக்கலாம். அரிதாகச் சில குழந்தைகளுக்குப் பிறந்த சில வாரங்களிலேயே பித்தநாளங்கள் சுருங்கி மூடிவிடுகின்றன. இதுவே 'பிலியரி அட்ரீசியா'.

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை வருவது இயல்புதானே என்று வீட்டில் காத்திருப்பார்கள். அங்குதான் ஆபத்து. 14 நாள்களுக்குப் பின்னும் மஞ்சள் நீடித்தாலோ, மலம் வெளிறியிருந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

1950களில் ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் இதற்கு ஓர் அறுவை சிகிச்சையை உருவாக்கினார். மூடிப்போன நாளங்களை அகற்றி, சிறுகுடலின் ஒரு பகுதியைக் கல்லீரலின் அடிப்புறத்தில் நேரடியாக இணைக்கும் முறை அது. குழந்தைக்கு 60 நாள்கள் ஆவதற்குள் செய்தால் நற்பலனுக்கு வாய்ப்பு அதிகம். தாமதமானால் கல்லீரல் இறுகிவிடும்.

அதன்பின் எஞ்சும் வழி கல்லீரல் மாற்று சிகிச்சை. கல்லீரல் மீண்டும் வளரக்கூடியது என்பதால் பெற்றோரே ஒரு பகுதியைத் தானமாகத் தரலாம். 1998இல் டெல்லியில், இந்நோயுற்ற காஞ்சிபுரத்துக் குழந்தைக்குத் தந்தையின் கல்லீரல் பகுதி பொருத்தப்பட்டது. இந்தியாவில் வெற்றிபெற்ற முதல் குழந்தைக் கல்லீரல் மாற்று சிகிச்சை அதுவே. அக்குழந்தை வளர்ந்து மருத்துவரானார்.

வகுப்பில் ஒரு செயல்பாடு: கரும்பலகையில் கல்லீரல், பித்தப்பை, கணையம், குடல் ஆகியவற்றை வரைந்து, பித்தநாளத்தை ஓரிடத்தில் அழித்துவிடுங்கள். "இப்போது உடலில் என்னென்ன மாறும்?" என்று கேளுங்கள். கண், சிறுநீர், மலம் என்று மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். அவர்களுள் ஒருவர் வீட்டில் தம்பியோ தங்கையோ பிறந்திருக்கலாம். நாம் நடத்திய பாடம் அன்று மாலையே அந்த வீட்டுக்குச் சென்று சேரும்.