கடகடவென்று படிக்கிறாள், என்ன புரிந்தது?

'கிமலன் தொவ்வையைச் சுணட்டினான்.' இந்த வாக்கியத்துக்கு எந்தப் பொருளும் கிடையாது. ஆனாலும் 'தொவ்வையைச் சுணட்டியது யார்?' என்று கேட்டால், எழுத்துக்கூட்டத் தெரிந்த குழந்தை 'கிமலன்' என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடும். பாடத்துக்குக் கீழே வரும் வினாக்களில் பல இந்த ரகம்தான். வினாவில் உள்ள சொல்லைப் பாடத்தில் தேடி, அதன் பக்கத்துச் சொல்லைப் பெயர்த்தெழுதினால் விடை கிடைத்துவிடும். ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளில் 'நன்றாக வாசிக்கிறாள்' என்று நாம் மெச்சுவது பெரும்பாலும் குரலைத்தான்.

வாசித்துப் புரிந்துகொள்வதற்கு கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் 1986-இல் ஒரு கணக்குச் சொன்னார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறனையும், கேட்ட மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவது அது. கூட்டல் அல்ல, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். தமிழில் இந்த இரண்டாவது திறனுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. வீட்டில் 'வந்துட்டிருந்தாங்க' என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, புத்தகத்தில் 'வந்துகொண்டிருந்தார்கள்' என்பதைச் சந்திக்கிறது. எழுத்துக்கூட்டி முடித்த பிறகும் அது தனக்குத் தெரிந்த சொல்தான் என்று பிடிபடுவதில்லை. எழுத்துத் தமிழை வாசிப்பதற்கு முன்பே நிறையக் காதால் கேட்டிருந்தால்தான் இந்த இடைவெளி குறையும். ஆகவே ஆசிரியர் கதையை உரக்க வாசித்துக் காட்டுவதும், அதைப் பற்றிப் பிள்ளைகளோடு பேசுவதும் பாடம் முடிந்தபின் மிஞ்சும் நேரத்துக்கான பொழுதுபோக்கு அல்ல. வாசிப்புப் பாடமே அதுதான்.

'முதலில் எழுத்து, பொருள் பிறகு' என்பவர்கள் பாதி சரி. எழுத்தை விட்டால் பெருக்கலின் மறுபக்கம் பூஜ்யமாகிவிடும். ஆனால் ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்க வேண்டியதில்லை. எழுத்துக் கற்கும் அதே வாரத்தில், தானாக வாசிக்க முடியாத பெரிய கதையையும் குழந்தை கேட்கலாம். பேச்சுத் தமிழை வகுப்புக்குள் அனுமதித்தால் எழுத்துத் தமிழ் கெடும் என்ற அச்சமும் உண்டு. ஆனால் ஒரு கதையைக் கேட்டு, 'நரி ஏன் பொய் சொல்லுச்சு?' என்று பேச்சில் யோசித்த பிள்ளைக்கு, அதையே எழுத்துத் தமிழில் சொல்ல ஒரு கருத்தாவது கையில் இருக்கும். கருத்தே இல்லாத பிள்ளைக்கு மனப்பாடம் ஒன்றே வழி.

நேரம் இல்லை என்பதுதான் நியாயமான குறை. 2022-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தது. பொருள் புரிந்து படிப்பதையும் இலக்காக வைத்தது. ஒரே ஆசிரியர் மூன்று நிலைகளையும் கவனிப்பது எளிதல்ல. ஆனால் கதை கேட்க நிலை பிரிக்கத் தேவையில்லை. அரும்பும் மலரும் சேர்ந்தே கேட்கலாம். எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளையே நரியின் பொய்யை முதலில் கண்டுபிடிக்கவும் கூடும்.