டிரெய்லரே தன் எடையைச் சொல்லுமா?

வேபிரிட்ஜ் சீட்டில் மொத்த எடை 54 டன். சட்டப்படி அனுமதி 55 டன். அப்படியும் அந்த டிரெய்லர் ஓவர்லோடாக இருக்கலாம். எப்படி என்று கேட்டால், சட்டம் மொத்த எடையை மட்டும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு ஆக்சில் தொகுதிக்கும் தனித்தனி வரம்பு வைத்திருக்கிறது.

2018 ஜூலையில் மத்திய அரசு திருத்திய வரம்புகள்படி ஸ்டியரிங் ஆக்சிலுக்கு 7 டன், முன்வண்டியின் பின்பக்க இரட்டை ஆக்சிலுக்கு 21 டன், டிரெய்லரின் மூன்று ஆக்சில்களுக்கும் சேர்த்து 27 டன். கூட்டினால் 55.

இப்போ ஒரு சின்ன கணக்கு. கிங் பின்னிலிருந்து டிரெய்லர் ஆக்சில்களின் நடுப்புள்ளி வரை 8 மீட்டர், சரக்கு 36 டன் என்று வைத்துக்கொள்வோம். சரக்கை வெறும் 45 சென்டிமீட்டர் பின்னால் தள்ளி வைத்தால் 36 × 0.45 ÷ 8, அதாவது சுமார் 2 டன் முன்வண்டியிலிருந்து டிரெய்லர் ஆக்சிலுக்குப் போய்விடும். 27-ல் நிற்க வேண்டியது 29 ஆகிவிடும். மொத்த எடை அதே 54 தான். ஒன்றரை அடி செய்த வேலை இது!

இதன் விலை என்ன? 2019 செப்டம்பர் 1 முதல் அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். அதுக்கு மேல் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த ஆஷோ சாலைச் சோதனையிலிருந்து பிறந்த ஒரு விதி உண்டு: சாலைத் தேய்மானம் ஆக்சில் எடையின் ஏறத்தாழ நான்காம் அடுக்காக ஏறும். 27 டன்னுக்குப் பதில் 29 டன் என்றால் தேய்மானம் மூன்றில் ஒரு பங்கு கூடும். பிரேக்கும் டயரும் படும் பாடு தனி. இத்தனைக்கும் லோடு ஏற்றும் இடத்தில் டிரைவருக்கு இது எதுவும் தெரியாது. வேபிரிட்ஜுக்குப் போய்ச் சேரும்போது சரக்கு கட்டி முடிந்திருக்கும். அதனால்தான் வண்டியிலேயே எடை பார்க்கும் கருவி.

எடையை எப்படிப் பிடிப்பது?

ஏர் சஸ்பென்ஷன் உள்ள டிரெய்லரில் இது சுலபம். காற்றுப் பைகளின் உயரத்தை லெவலிங் வால்வு மாறாமல் வைத்திருக்கும். பாரம் ஏறினால் பை அமுங்கும். வால்வு காற்றை உள்ளே விட்டுப் பழைய உயரத்துக்குக் கொண்டுவரும். ஆக, உயரம் மாறாது, அழுத்தம்தான் மாறும். அந்த அழுத்தத்தை அளந்தால் பாரம் தெரியும்.

சென்சாரை எங்கே வைப்பது என்பதுதான் முக்கியம். லெவலிங் வால்வுக்கும் பைக்கும் இடையில் ஓடும் குழாயில் ஒரு டி-இணைப்பு போட்டு அதில் பொருத்த வேண்டும். ஏர் டேங்கில் வைத்தால் கம்ப்ரசர் ஏற்றிய அழுத்தத்தைத்தான் காட்டும். பாரத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. பிரேக் குழாயில் கை வைக்கவே கூடாது. அங்கே ஒரு கசிவு என்றால் உயிர் போகிற விஷயம். இடது, வலது என்று இரண்டு லெவலிங் வால்வு இருந்தால் பக்கத்துக்கு ஒரு சென்சார் வேண்டும். பொருத்தி முடித்ததும் எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

நம் ஊர் டிரெய்லர்களில் பெரும்பாலும் பட்டை ஸ்பிரிங்தான். அதில் அளக்கக் காற்று கிடையாது. சேசிஸுக்கும் ஆக்சிலுக்கும் உள்ள இடைவெளி குறைவதை அளக்கலாம், அல்லது ஆக்சில் வளைவதை ஸ்ட்ரெயின் கேஜ் கொண்டு அளக்கலாம். இடைவெளியை அளக்கும் முறையில் ஒரு சிக்கல்: பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் ஸ்பிரிங் இறங்கும்போது ஒரு உயரம், ஏறும்போது வேறு உயரம். ஒரே பாரத்துக்கு இரண்டு விடை! வண்டியைக் கொஞ்ச தூரம் உருட்டி நிறுத்திவிட்டு அளந்தால் இந்தப் பிழை ஓரளவு அடங்கும்.

சென்சார் சொல்வது எடை அல்ல

மென்பொருள்காரனாக எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். சென்சார் சொல்வது 4.2 பார் என்ற அழுத்தத்தை மட்டுமே. அதை டன்னாக்குவது கேலிபிரேஷன்.

காலி டிரெய்லரின் ஆக்சில்களை மட்டும் வேபிரிட்ஜ் மேடையில் நிறுத்துங்கள். முன்வண்டி மேடைக்கு வெளியே, அதே மட்டத்தில் நிற்கட்டும். மேடை 6 டன், சென்சார் 0.6 பார் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். முழு லோடில் மறுபடி நிறுத்தினால் 27 டன், 4.8 பார். 4.2 பார் வித்தியாசத்துக்கு 21 டன், அதாவது பாருக்கு 5 டன். அப்போ,

எடை = 5 × அழுத்தம் + 3

பள்ளிக்கூடத்தில் படித்த நேர்கோட்டுச் சமன்பாடு, அவ்வளவுதான். ஆனா அந்த 3 எங்கிருந்து வந்தது? ஆக்சில், சக்கரம், டயர் எல்லாம் காற்றுப் பைக்குக் கீழே இருக்கின்றன. பை அவற்றைச் சுமப்பதில்லை, சாலைதான் சுமக்கிறது. சென்சார் பார்க்கவே முடியாத எடை அது. மூன்று ஆக்சிலுக்கு 3 டன் என்பது பொருத்தமான அளவுதான். அந்த 3 டன்னை மறந்து 27-ஐ 4.8-ஆல் வகுத்துக் கணக்குப் போட்டால் காலி டிரெய்லருக்கு 6 டன்னுக்குப் பதில் சுமார் 3.4 டன் என்று வரும். அதனால் இரண்டு புள்ளி கட்டாயம். மூன்றாவதாகப் பாதி லோடில் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது: 2.7 பார் என்றால் மேடை 16.5 டன்னை ஒட்டிக் காட்ட வேண்டும்.

அளக்கும்போது வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு டிரெய்லர் பிரேக்கை விடுவிக்க வேண்டும். பிரேக் பிடித்திருந்தால் ஆக்சிலைத் தாங்கும் கைகள் இறுகி, அழுத்தம் தப்பாக வரும். லெவலிங் வால்வு நிதானமாக வேலை செய்யும் என்பதால் ஒரு நிமிஷம் பொறுத்து, பல அளவீடுகளின் சராசரியை எடுக்க வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். டிரெய்லர் சென்சாருக்கு டிரெய்லர் ஆக்சில் மட்டும்தான் தெரியும். கிங் பின் வழியாக முன்வண்டி மீது இறங்கும் பாரம் தெரியாது. மொத்தம் வேண்டுமென்றால் முன்வண்டியிலும் சென்சார் வேண்டும், அல்லது ஃபிஃப்த் வீல் அடியில் லோட் செல் வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2015-ல் கொண்டுவந்த ஆணையில், அதிக பாரம் ஏற்றிய வண்டிகளைக் கண்டறிய 2021 மே 27-க்குள் சாலையில் தானியங்கிக் கருவி, அல்லது வண்டியிலேயே எடைக்கருவி என்று ஏதாவது ஒரு வழியில் ஏற்பாடு செய்ய உறுப்பு நாடுகளைக் கேட்டது. அங்கே இந்தக் கருவி அதிகாரிகளின் கண். நம் ஊரில் முதலில் இது டிரைவருக்குப் பயன்பட வேண்டும் என்று நினைக்கிறேன். அதனால் திரையை முன்வண்டி கேபினுக்குள் மட்டும் வைக்காதீர்கள். டிரெய்லரின் பக்கவாட்டிலும் ஒன்று வையுங்கள். கிரேன் ஓட்டுபவர், சூப்பர்வைசர், டிரைவர் மூன்று பேரும் ஒரே எண்ணைப் பார்க்கட்டும். "காயிலை ஒன்றரை அடி முன்னால வைங்க" என்று சரக்கு இன்னும் கொக்கியில் தொங்கும்போதே டிரைவர் சொல்ல முடிந்தால், கருவிக்குப் போட்ட காசு அங்கேயே வந்துவிடும்.