நடை வேகத்தில் ஏறும் வேன்

1939இல் ஜெர்மன் ராணுவம் கார் வடிவமைப்பாளர் ஃபெர்டினாண்ட் போர்ஷேயிடம் வினோதமான ஒரு குறை சொன்னது. அவருடைய வண்டிக்கு மெதுவாகப் போகத் தெரியவில்லையாம். பீட்டில் காரை அடிப்படையாக வைத்துச் செய்த அந்த ராணுவ வண்டியை மணிக்கு 8 கிலோமீட்டருக்குக் கீழே ஓட்ட முடியவில்லை. மூட்டை சுமந்து நடக்கும் சிப்பாயின் வேகமோ 4 கிலோமீட்டர்தான். அவனோடு கூடவே வண்டியும் ஊர்ந்து வர வேண்டும்.

போர்ஷே கையாண்ட வழிகளில் முக்கியமானது சக்கரத்தின் ஹப்பில் இருந்தது. பின்சக்கரம் ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடிப் பல்சக்கரத்தைப் பொருத்தினார்கள். வேகம் 1.4 மடங்கு குறைந்தது, இழுவை அதே 1.4 மடங்கு கூடியது. ஆக்ஸில் சக்கர மையத்துக்கு மேலே போய்விட்டதால் வண்டியின் வயிறும் தரையை விட்டு எழும்பியது. 1940இல் உற்பத்திக்கு வந்த கூபெல்வேகன் இப்படித்தான் சேற்றிலும் மணலிலும் பேர் வாங்கியது. நான்கு சக்கர இழுவை அதில் கிடையாது.

போர் முடிந்தபின் 1950இல் ஃபோக்ஸ்வேகன் தன் வேனை வெளியிட்டபோது, 25 குதிரைத்திறன் இன்ஜினைக் கொண்டே சுமை ஏற்றிய வேனை இழுக்க வேண்டியிருந்தது. ராணுவ வண்டியின் ஹப் கியரையே எடுத்து வேனில் மாட்டினார்கள். இதில் மெக்கானிக்குகள் ரசித்துச் சொல்லும் ஒரு சங்கதி உண்டு. ஹப்பில் கூடுதலாக ஒரு ஜோடிப் பல்சக்கரம் வந்தால் சுழலும் திசை தலைகீழாகிவிடும். அதைச் சரிக்கட்ட, டிஃபரன்ஷியலுக்குள் கிரவுன் வீலைக் காரில் இருப்பதற்கு எதிர்ப்பக்கம் வைத்தார்கள். விஷயம் தெரியாமல் கார் கியர்பாக்ஸைப் பழைய வேனில் மாட்டினால் நான்கு கியரும் பின்னோக்கி ஓடும், ரிவர்ஸ் மட்டும் முன்னோக்கி.

1967இல் இரண்டாம் தலைமுறை வேன் வந்ததும் ஹப் கியர் போய்விட்டது. இன்ஜின் வலுத்துவிட்டது, சாலைகளும் நன்றாகிவிட்டன, எதற்கு வீண் செலவு? நியாயமான முடிவுதான். ஆனால் அதே வேனில் படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் ஏற்றிக்கொண்டு மலைப்பாதைக்குக் கிளம்பியவர்களுக்கு அந்த இழப்பு முதல் ஏற்றத்திலேயே தெரிந்திருக்கும்.

அதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். மூன்றாம் தலைமுறை வேனை எடுத்துக்கொள்வோம். 1980களில் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் கூடாரக் கூரையோடு கேம்பராக மாற்றிக் கொடுத்தது இந்த வேனைத்தான். அமெரிக்காவுக்குப் போன நான்கு கியர் வேனில் முதல் கியரின் விகிதம் 3.78, டிஃபரன்ஷியலில் கிரவுன் வீலும் அதைச் சுழற்றும் பினியனும் சேர்ந்த ‘கிரவுன் பினியனின்’ விகிதம் 4.86. இரண்டையும் பெருக்கினால் சுமார் 18.4. அதாவது இன்ஜின் 18 முறைக்கு மேல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு முறை சுற்றும். அதற்குப் பதிலாக முறுக்குவிசை அத்தனை மடங்கு பெருகும்.

சாமான்களோடு 2,200 கிலோ எடையுள்ள வேன் ஒரு ஜல்லிப் பாதையில் ஏறுகிறது. 100 மீட்டர் கிடைத் தொலைவுக்கு 30 மீட்டர் உயரும் சரிவு. ஈர்ப்பு விசையையும் ஜல்லியின் தடையையும் சேர்த்தால் ஏறக்குறைய 7,000 நியூட்டன் இழுக்க வேண்டும். கியர்பாக்ஸில் வீணாவதைக் கழித்துவிட்டுப் பார்த்தால், முதல் கியரில் இன்ஜின் சுமார் 140 நியூட்டன் மீட்டர் தந்தாக வேண்டும். 2.1 லிட்டர் இன்ஜினின் உச்சமே 160தான், அதுவும் நிமிடத்துக்கு 3,200 சுற்று அளவில்தான் கிடைக்கும். அந்தச் சுற்றில் முதல் கியரில் வேனின் வேகம் மணிக்கு 21 கிலோமீட்டர். பாறையும் பள்ளமுமான பாதையில் அந்த வேகத்தில் போனால் சஸ்பென்ஷன் தாங்காது, உள்ளே தட்டும் டம்ளரும் தாங்காது.

மெதுவாகப் போனால் இன்ஜின் திணறும், வேகமாகப் போனால் வண்டி உடையும். நடுவில் ஓட்டுநர் என்ன செய்வார்? ஹாஃப் கிளட்சில் சமாளிப்பார். இன்ஜின் 2,500 சுற்றில் உறும, கிளட்ச் பிளேட் வழுக்கிக்கொண்டே இருக்கும். 1,500 சுற்று வித்தியாசத்தில் 140 நியூட்டன் மீட்டர் வழுக்கினால் பிளேட்டில் வெப்பமாகும் திறன் கிட்டத்தட்ட 22 கிலோவாட். முழு வீச்சில் இயங்கும் 11 இண்டக்ஷன் அடுப்புகளை ஒரு தட்டுக்குள் வைத்த மாதிரி. ஒரு நிமிடம் தாண்டினால் கருகல் வாசனை வரும்.

இந்தச் சிக்கலை ஃபோக்ஸ்வேகனுக்குள்ளேயே நன்றாக அறிந்தவர் குஸ்டாவ் மேயர், வேன் பிரிவின் வடிவமைப்புத் தலைவர். 1970களில் அவரும் ஹென்னிங் டக்ஸ்டைன் என்ற பொறியாளரும் நான்கு சக்கர இழுவை கொண்ட முன்மாதிரி வேன்களைச் செய்து சகாரா மணலில் ஓட்டிப் பார்த்தார்கள். அவை விற்பனைக்கு வரவில்லை. ஆனால் 1985இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஸ்டெயர்-டைம்லர்-புக் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய ‘சின்க்ரோ’ வேன் வந்தது. அதில் நான்கு கியருக்கும் கீழே, G என்று குறித்த இன்னொரு கியர் இருந்தது. விகிதம் 6.03. கிரவுன் பினியனோடு பெருக்கினால் 29க்குச் சற்று மேல்.

மேலே பார்த்த அதே சரிவுக்கு இந்தக் கியரில் சுமார் 87 நியூட்டன் மீட்டர் போதும். ஐட்லிங்கைவிடச் சற்றே கூடுதலான சுற்றில் இன்ஜின் அதைத் தந்துவிடும். 1,000 சுற்றில் வேனின் வேகம் மணிக்கு 4.1 கிலோமீட்டர். 1939இல் ராணுவம் கேட்டது கிட்டத்தட்ட இதைத்தான்.

பழைய கேம்பர் வைத்திருப்பவர்கள் கியர்பாக்ஸை மாற்ற நினைக்கும்போது முதலில் கண்ணில் படுவது கிரவுன் பினியன். 4.86ஐக் கழற்றிவிட்டு 5.43 போட்டால் எல்லாக் கியரிலும் இழுவை 12 சதவீதம் கூடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் காட்டுப்பாதைக்கு ஆசைப்படுகிறவர் டயரையும் பெரிதாக்கியிருப்பார். 64 சென்டிமீட்டர் விட்டம் 70 ஆனால் இழுவையில் 9 சதவீதம் போச்சு. மிச்சம் கையில் நிற்பது வெறும் இரண்டு சதவீதம். பெரிய டயர் இல்லாமல் கிரவுன் பினியனை மட்டும் மாற்றினால் வேறு தண்டனை: நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் 3,440 சுற்றில் ஓடிய இன்ஜின் 3,850க்கு ஏறும். ஒரு நாள் முழுக்க அந்த இரைச்சலோடு ஓட்டிப் போய், அரை மணி நேரம் மலை ஏறுவதற்கு இது நல்ல பேரமாக எனக்குப் படவில்லை.

ஏற்றத்துக்கு வேண்டியது தனியாக ஒரு கியர். மற்றவை இருந்தபடியே இருக்கட்டும். அதனால் சிலர் சின்க்ரோவின் கியர்பாக்ஸையே வாங்கி, முன்சக்கரங்களுக்குப் போகும் வழியை அடைத்துவிட்டு, சாதாரண வேனில் பொருத்துகிறார்கள். சின்க்ரோ குறைவாகவே தயாரானது, 1992இல் நின்றும் போனது. பாக்ஸ் கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் விலை கொதிக்கும்.

இன்னொரு வழி சுபாரு. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே மாற்றுவது. ஆஸ்திரேலியாவில் விற்ற சில சுபாரு கார்களில் கியர்பாக்ஸிலேயே எல்லாக் கியரையும் தாழ்த்தும் ‘லோ ரேஞ்ச்’ இருந்தது; அதனால் அங்கே இந்த மாற்றத்துக்கு மவுசு. சுபாருவில் இன்ஜின் முன் ஆக்ஸிலுக்கு முன்னால் இருக்கும், வேனில் பின் ஆக்ஸிலுக்குப் பின்னால். முழுத் தொகுப்பையும் திருப்பி வைத்தால் ஐந்து ரிவர்ஸ் கியரும் ஒரே ஒரு முன் கியரும் கிடைக்கும். 1950இன் அதே தலைவலி! இதற்கென்றே எதிர்த்திசையில் பல் வெட்டிய கிரவுன் பினியன் செய்து விற்கிறார்கள்.

இத்தனை செய்தும் ஒரு தடை பாக்கி. நம் சரிவில் பின்சக்கரங்கள் மேல் 1,300 கிலோ அழுத்துகிறது என்று கொள்வோம். ஜல்லியின் பிடிமானம் அதில் பாதி. அப்படியானால் சக்கரம் தரையில் ஊன்றித் தள்ளக்கூடிய விசை 6,400 நியூட்டனைத் தாண்டாது. நமக்கு வேண்டியதோ 7,000. கியர் எவ்வளவு தாழ்வாக இருந்தாலும் பின்சக்கர இழுவை மட்டும் உள்ள வேன் அங்கே டயரைச் சுழற்றிக்கொண்டு நிற்கும். சற்றுக் குறைந்த சரிவிலும் ஒரு சக்கரம் பள்ளத்துக்கு மேல் தொங்கிவிட்டால் அவ்வளவுதான். சாதாரண டிஃபரன்ஷியல் இரு பக்கமும் சமமாகவே முறுக்கும். தொங்கும் சக்கரத்தில் எதிர்ப்பே இல்லையென்றால் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் ஒன்றும் கிடைக்காது. ஆகவே எப்படியும் கியர்பாக்ஸைத் திறக்கப்போகிறவர் அதே கூலியில் இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் டிஃபரன்ஷியல் லாக்கையும் போட்டுவிடுவது புத்திசாலித்தனம். ஒன்றுக்குத்தான் காசு என்றால் லாக்கைத்தான் முதலில் போடச் சொல்வேன்.

தாழ்ந்த கியரின் முழுப் பயன் தெரிவது இறங்கும்போது. 2,200 கிலோ எடை 300 மீட்டர் இறங்கினால் 65 லட்சம் ஜூல் ஆற்றல் எங்காவது போய்ச் சேர வேண்டும். பிரேக்கில் மட்டும் விட்டால் முன் டிஸ்க்கும் பின் டிரம்மும் கொதித்துப் பிடி தளரும். G கியரில் விட்டால் இன்ஜினின் உள் எதிர்ப்பு 29 மடங்கு பெருகிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கில் கால் வைக்கும் வேலை எப்போதாவதுதான் வரும். ஒரே நிபந்தனை, பாதி இறக்கத்தில் பயந்துபோய்க் கிளட்சை மிதித்துவிடக் கூடாது. மிதித்த கணத்தில் இன்ஜினின் பிடி முழுதும் விட்டுப்போய், எல்லாச் சுமையும் பிரேக்கின் தலையில் விழும்.