தோற்காத அணிக்குக் கோப்பை இல்லை

ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காத அணிக்கு, சாம்பியன் பட்டத்துக்காக மோதும் வாய்ப்பே தராமல் விட்டார்கள். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் 2017 சீசனில் சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழக அணிக்கு நடந்தது இது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

நம் ஐபிஎல்லில் புள்ளிப்பட்டியலைப் பார்த்தால் போதும், முதல் நான்கு அணிகள் எவை என்று தெரிந்துவிடும். அங்கே உயர்மட்டப் பிரிவில் மட்டும் சுமார் 130 கல்லூரிகள். ஒவ்வொன்றும் ஆடுவதோ வழக்கமாக 12 ஆட்டம்தான், அதுவும் பெரும்பாலும் தன் லீக்குக்குள்ளேயே. மோதவே மோதாத இரண்டு அணிகளில் எது பெரிது? ஓட்டுப் போட்டுத்தான் முடிவு செய்தார்கள். 1936 முதல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் விளையாட்டுச் செய்தியாளர்களிடம் ஓட்டு வாங்கித் தரவரிசை வெளியிடுகிறது. பிற்பாடு பயிற்சியாளர்களுக்கும் தனி ஓட்டெடுப்பு வந்தது. 1997-ல் செய்தியாளர்கள் மிச்சிகனையும் பயிற்சியாளர்கள் நெப்ராஸ்காவையும் முதலிடத்தில் வைக்க, ஒரே வருஷத்தில் இரண்டு சாம்பியன்கள். அடுத்த வருஷமே கணினிக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தார்கள், சண்டை ஓயவில்லை.

2014 முதல் 13 பேர் கொண்ட தேர்வுக் குழு, பட்டத்துக்காக மோத நான்கு அணிகளைப் பொறுக்கி எடுத்தது. டெக்சஸ் மாநிலத்தின் கிரேப்வைன் ஊரில் ஒரு ஹோட்டலில் கூடுவார்கள். தன் கல்லூரியைப் பற்றிப் பேச்சு வந்தால், அந்த உறுப்பினர் எழுந்து வெளியே போய்விட வேண்டும். அந்த அளவுக்கு நேர்மை பார்க்கிறவர்கள்தான். ஆனாலும் சென்ட்ரல் ஃப்ளோரிடாவுக்கு அவர்கள் தந்தது 12-ஆம் இடம். சின்ன லீக், எதிரணிகள் பலமில்லை என்பது வாதம். ஆட்ட அட்டவணையைப் பல வருஷம் முன்பே போட்டுவிடுகிறார்கள்; அதற்கு அந்தப் பையன்கள் என்ன செய்வார்கள்? 2015-ல் ஆடிய 12 ஆட்டத்திலும் தோற்ற அணி, இரண்டே வருஷத்தில் இப்படி எழுந்து நின்றது.

2018 ஜனவரி 1, அட்லாண்டா. பட்டப் போட்டிக்கு வெளியே நடந்த பீச் பவுல் ஆட்டத்தில் எதிரே ஆபர்ன். அந்த சீசனில் ஜார்ஜியாவையும் அலபாமாவையும் வீழ்த்திய அணி அது. சென்ட்ரல் ஃப்ளோரிடாவின் தடுப்பு வரிசையில் ஷக்கீம் கிரிஃபின். பிறவிக் குறைபாட்டால் நாலு வயதில் இடது கையை இழந்தவர். ஒற்றைக் கையோடு ஓடிப்போய் ஆபர்னின் ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கைப் பிடித்துக் கீழே சாய்த்தார். தடுப்பாட்டத்தின் சிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான். 34-27 என வென்று, 13 ஆட்டம் 13 வெற்றி என்று சீசனை முடித்தார்கள். சரியாக ஒரு வாரம் கழித்து அதே மைதானத்தில் தேசிய இறுதிப் போட்டி: ஆபர்னிடம் தோற்றிருந்த அதே அலபாமாவும் ஜார்ஜியாவும்! அலபாமா 26-23 என்று வென்றது. சென்ட்ரல் ஃப்ளோரிடா தானே சாம்பியன் என்று அறிவித்துக்கொண்டு ஊர்வலம் போனது. பலர் கேலி செய்தார்கள். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

2023-ல் ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கும் இதே கதி. 13 வெற்றி பெற்றும், குவார்ட்டர்பேக் காயம்பட்டுவிட்டார் என்று ஒதுக்கினார்கள்.

2024-ல் இடங்களை 12 ஆக உயர்த்தினார்கள். அந்த சீசனில் இரண்டு ஆட்டம் தோற்று எட்டாவதாக நுழைந்த ஒஹாயோ ஸ்டேட், வரிசையாக நான்கு ஆட்டம் வென்று பட்டத்தைத் தட்டிச் சென்றது. 2017-லேயே 12 இடம் இருந்திருந்தால், அந்தப் பன்னிரண்டாவது இடத்தில் கிரிஃபினும் தோழர்களும் களம் இறங்கியிருப்பார்கள். முதல் ஆட்டத்திலேயே தோற்றிருந்தாலும் எனக்குக் குறையிருந்திருக்காது.